நூறு காலேஜுக்கும் ஒரே டீம், ஒரு காலேஜுக்கும் ஒரு டீம்: இது என்ன கணக்கு?

தோழர்களே,

நான் இன்ஜினியரிங் படிச்சவன். அதனால கணக்குலயே ஆரம்பிக்கிறேன்.

கபடி டீம்ல 12 பேர். அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைந்த பொறியியல் கல்லூரிகள் 400-க்கும் மேல. அத்தனைக்கும் சேர்த்து தேசியப் போட்டிக்குப் போறது ஒரே ஒரு டீம், 12 இடம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். அதுக்கும் அதே 12 இடம். சென்னைக்குப் பக்கத்துல ஒரே வளாகத்துல நடக்குற ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கோங்க. அதுக்கும் முழுசா 12 இடம்.

இப்ப நீங்களே சொல்லுங்க. திருத்தணி அரசு கலைக் கல்லூரியில படிக்கிற ஒரு நெசவாளி வீட்டுப் பையன் நூறு காலேஜோட மோதி ஜெயிச்சாத்தான் அந்த இடம். லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டுற இடத்துல சேர்ந்தவன் தன் கேம்பஸுக்குள்ள ஜெயிச்சாலே போதும். ஓட்டம் ஒண்ணுதான், ஆனா ஒருத்தனுக்கு மட்டும் 365 படிக்கட்டுக்குக் கீழ இருந்து ஆரம்பிக்கணும்னு கோடு போட்டிருக்காங்க.

இந்தக் கோட்டைப் போட்டது யாரு?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்னு ஒரு அமைப்பு. தலைமையிடம் டெல்லி. 1925-ல பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமா தொடங்கி, 1973-ல இப்ப இருக்கிற பேருக்கு மாறுச்சு. தென் மண்டலப் போட்டி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி எல்லாம் இவங்க ஏற்பாடுதான். 2020-ல புவனேஸ்வர்ல ஆரம்பிச்ச கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்கும் இவங்க போட்டி முடிவை வச்சுத்தான் தகுதி.

இந்தச் சங்கத்துல உறுப்பினர் யாரு? பல்கலைக்கழகங்கள். பேசுறது துணைவேந்தர்கள். கல்லூரிக்கு அங்க நாற்காலி கிடையாது. வெயில்ல நின்னு விசில் ஊதுற பி.டி. சாருக்குக் கிடையாது. ஆடுற மாணவனுக்குச் சுத்தமா கிடையாது. நாட்டுல காலேஜ் மாணவர்கள்ல பெரும்பாலானவங்க படிக்கிறது இணைப்புக் கல்லூரிகள்ல. அவங்களோட விளையாட்டை ஆளுற இடத்துல அவங்களுக்குக் குரலே இல்ல!

"சரி தம்பி, டீம்ல இடம் கிடைக்கலன்னா என்ன? விளையாட்டுதானே"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம். மத்திய அரசு வேலையில விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு. கல்லூரி மாணவனுக்கு அதுல உள்ள வழி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருக்கணும். அதுக்கான சான்றிதழ்தான் படிவம் 3. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில நீங்க மூணு வருஷம் தங்கம் வாங்கியிருந்தாலும் அந்தப் படிவம் கிடைக்காது. ஆக, அந்த 12 இடம் வெறும் ஜெர்சி இல்ல. ஒரு ஏழை வீட்டுக்கு ரயில்வே வேலை, தபால் துறை வேலை, வருமான வரித் துறை வேலை. அந்த வாசல்லதான் பூட்டு தொங்குது.

என் கதையையும் சொல்லிடறேன். காலேஜ் பேரு வேண்டாம், அது இங்க முக்கியமில்ல. செமஸ்டருக்கு செமஸ்டர் விளையாட்டுக் கட்டணம்னு ரசீதுல ஒரு வரி வரும். கிரவுண்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, மழை பெஞ்சா குட்டை, வெயில் அடிச்சா கார் பார்க்கிங். மண்டலப் போட்டிக்கு விடியக்காலை ரயிலைப் பிடிச்சு, டிபன்கூட சாப்பிடாம போய் இறங்குவோம். முதல் மேட்ச்லயே எதிர்ல நிக்கிறது விளையாட்டுக்குன்னே சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு குடுத்து வளர்த்த டீம். முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். திரும்பி வந்தா வருகைப்பதிவுல கை வைப்பாங்க. மூணாவது வருஷம் என்கூட ஆடின நல்ல ரைடர் ஒருத்தன் "போதும்டா"ன்னு ஷூவைக் கழட்டி வச்சிட்டான். அவனை எந்தத் தேர்வுக் குழுவும் ஒரு தடவைகூடப் பாக்கல.

"திறமை இருந்தா எப்படியும் மேல வந்துருவான்"னு சொல்றவங்க இருக்காங்க. வருவான், யாராவது பாத்தா! முதல் சுற்றுலயே வெளிய போற டீம்ல இருக்கிறவனை யாரு பாக்குறது?

இதுக்குத் தீர்வே இல்லையா? வேற நாட்டுல கண்டுபிடிச்சு 80 வருஷத்துக்கு மேல ஆச்சு.

அமெரிக்காவுல 1937-ல கன்சாஸ் சிட்டியில சின்னக் காலேஜ்களுக்குன்னே ஒரு கூடைப்பந்துப் போட்டி ஆரம்பிச்சாங்க. அதுக்குக் கைகொடுத்தவர்கள்ல ஒருத்தர், கூடைப்பந்தையே கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நெய்ஸ்மித். அந்தப் போட்டியில வளர்ந்ததுதான் என்.ஏ.ஐ.ஏ. என்கிற அமைப்பு, சின்னக் கல்லூரிகளோட விளையாட்டுக்கான தனி ஆளும் அமைப்பு. அதுவும் ஆரம்பத்துல யோக்கியமா இல்ல, கறுப்பின வீரர்கள் ஆடக் கூடாதுன்னு தடை வச்சிருந்துச்சு. 1947-ல ஜான் வுடன் என்கிற பயிற்சியாளர், என் கறுப்பின வீரன் இல்லாம என் டீம் வராதுன்னு அழைப்பையே திருப்பி அனுப்பினார். 1948-ல தடை நீங்குச்சு. கிளாரன்ஸ் வாக்கர் களத்துல இறங்கினார். பெரிய காலேஜ்களோட அமைப்பும் சும்மா இருக்க முடியல, 1973-ல தன் உறுப்பினர்களை மூணு பிரிவா பிரிச்சுச்சு.

இதுல நமக்கு ரெண்டு பாடம். சின்னக் காலேஜுக்குன்னு தனிக் களம் போட முடியும். விதி அநியாயமா இருந்தா, கேட்டா மாறும்.

இப்ப நம்ம ஆட்சியாளர்களுக்கு வருவோம்.

ஒன்றிய அரசு 2025 ஆகஸ்ட்ல தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கொண்டு வந்துச்சு. தேசிய சம்மேளனங்களோட நிர்வாகத்துல வீரர்களும் பெண்களும் இருக்கணும்னு அதுல சொல்றாங்க. நல்லது, வரவேற்கிறோம். அதே நியாயம் காலேஜ் விளையாட்டுக்கு ஏன் வரக் கூடாது?

மாநில அரசு உடனே டெல்லியைக் கை காட்டும். காட்டாதீங்க! அரசியலமைப்புல விளையாட்டு மாநிலப் பட்டியல்ல இருக்கு, 33-வது பதிவு. முதலமைச்சர் கோப்பையில கல்லூரிப் பிரிவு இருக்கே என்பீங்க. இருக்கு, பரிசுத் தொகையும் பெருசு. ஆனா திருத்தணிப் பசங்க திருவள்ளூர் மாவட்டப் போட்டிக்குப் போனா, எதிர்ல ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பெரிய காலேஜுங்க. முந்நூறு பேர் படிக்கிற காலேஜும் பத்தாயிரம் பேர் படிக்கிற இடமும் ஒரே தட்டுல. பரிசை ஏத்தினா மட்டும் போட்டி நேர்மையாயிடுமா?

இந்த ஊருக்கு இதைக் கேக்க உரிமை உண்டு. ம.பொ.சி. முதலான எல்லைப் போராளிகள் நின்னதாலதான் 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. எல்லையில இருக்கிற ஊர், எல்லாத்துலயும் ஓரத்துல நிக்கணும்னு யாரும் அப்ப எழுதிக் கொடுக்கல. இங்க பிறந்த ராதாகிருஷ்ணன் தலைமையில 1948-49-ல நடந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஆண், பெண் எல்லா மாணவர்களுக்கும் ரெண்டு வருஷம் உடற்கல்வி வேணும்னு பரிந்துரை செஞ்சுச்சு. அவர் பிறந்த நாளுக்கு மாலை போடுறவங்க அந்த வரியையும் ஒரு தடவை படிக்கலாம்.

நாங்க கேக்குறது இவ்வளவுதான்:

1. மாணவர் எண்ணிக்கை குறைவான கல்லூரிகளுக்குத் தனிப் பிரிவு. அதை நடத்த மாநில அளவுல ஒரு வாரியம். அதுல உடற்கல்வி இயக்குநர்கள், முன்னாள் வீரர்கள், வீராங்கனைகள், மாணவர்கள் உட்காரணும்.

2. அந்தப் பிரிவுல சிறப்பா ஆடுறவங்களுக்குப் பல்கலைக்கழக அணியோட பயிற்சி முகாம்ல கட்டாய இடம். போக்குவரத்துப் படியோட.

3. தேர்வு முகாம் முடிஞ்சதும் யாருக்கு எவ்வளவு மதிப்பெண், எவ்வளவு நேரம்னு பட்டியல் வெளியாகணும். ஃபோன்ல கூப்பிட்டு "நீ செலக்ட் ஆகல" என்கிற பழக்கம் ஒழியணும்.

4. மாநில அரசு வேலையில இருக்கிற 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல இந்தப் பிரிவோட மாநில இறுதிப் போட்டிப் பதக்கத்துக்கும் மதிப்பு வேணும். இதுக்கு டெல்லியைக் கேக்க வேண்டியதில்ல, ஒரு அரசாணை போதும்.

5. வசூலிக்கிற விளையாட்டுக் கட்டணத்துக்கு வருஷா வருஷம் கணக்கு. கல்லூரி அறிவிப்புப் பலகையில ஒட்டுங்க. பந்து எத்தனை, பயணச் செலவு எவ்வளவு, மிச்சம் எங்கே?

பெரிய காலேஜ் பசங்க மேல நமக்குக் கோபம் இல்ல தோழர்களே. அவங்களும் வியர்வை சிந்தித்தான் ஆடுறாங்க. கோபம் விதி மேல. அதை மாத்தக் கூடிய நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு மெடல் போடும்போது மட்டும் மேடையேறி போட்டோவுக்கு நிக்கிறவங்க மேல.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. இந்த செமஸ்டர் ஃபீஸ் ரசீதை எடுத்துப் பாருங்க. விளையாட்டுக்குன்னு எவ்வளவு கட்டியிருக்கீங்கன்னு கமென்ட்ல போடுங்க, பேரு வேண்டாம். அரசுக் கல்லூரின்னா தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. மனு எழுதத் தெரியலன்னா இன்பாக்ஸ் வாங்க, எழுதித் தர்றோம்.

ஷூவைக் கழட்டி வச்ச என் நண்பனுக்கு இனி வயசு வராது. அவன் தம்பி இப்ப பிளஸ் டூ படிக்கிறான், நல்லா ஆடுறான். அவன் காலேஜுக்கு வர்றதுக்குள்ள இந்தக் கோட்டை அழிச்சு நேரா போடணும்.

பகிருங்கள்!

#சின்னக்காலேஜுக்கும்_களம்வேண்டும்
#விளையாட்டுக்கட்டணம்_கணக்குஎங்கே