பழைய லேப்டாப் மீது பழி போடாதீர்கள்

"இந்தப் பழைய பெட்டியில் கிட் ஓடாது, புதுசு வாங்கு" என்று, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளைக் குறித்து, நிரல் பழகவரும் பிள்ளைகளிடம் கூசாமல் சொல்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் எளாவூரிலோ பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களிலோ இதைக் கேட்கும் மாணவர் படிப்பையே விட்டுவிடக்கூடும். அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே மாவட்டத்தில்தான் தொடங்கியது. அக்காவுக்குக் கிடைத்த 2 ஜிபி லேப்டாப்பில் தம்பி இன்று தாராளமாக கிட் பழகலாம்.

கணினி திணறுவது உண்மைதான். அதற்குக் காரணம் அதன் வயது மட்டுமல்ல. களஞ்சியத்தில், அதாவது கிட் எல்லாவற்றையும் சேமிக்கும் இடத்தில், உதிரியாகக் கிடக்கும் பொருள்கள் ஏறக்குறைய 6,700-ஐத் தாண்டினால், கிட் தானாகவே 'ஜிசி' என்ற துப்புரவு வேலையைத் தொடங்கிவிடும். செயலியில் எத்தனை கோர் உண்டோ அத்தனை இழைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றும் தனித்தனியே நினைவகம் கேட்கும். அதைக் கட்டுப்படுத்தும் 'பேக்.விண்டோமெமரி' என்ற அமைப்புக்கு இயல்பாக வரம்பே கிடையாது. நினைவகம் நிரம்பியதும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. இந்த இயல்பு அமைப்புகளை மாற்றச் சொல்லித்தராமல் மாணவரின் வறுமையைக் காரணம் காட்டுவது அநியாயம்.

இழையை ஒன்றாகக் குறையுங்கள். விண்டோமெமரியை 64 எம்பி என்று வரம்பிடுங்கள். வேகம் குறையும், ஆனால் கணினி உறையாது. ஜிசியோடு 'அக்ரெஸிவ்' சேர்த்தால் களஞ்சியம் இன்னும் சுத்தமாகும் என்பது அடுத்த மூடநம்பிக்கை. வழக்கமாக 10 பொருள்களோடு ஒப்பிடும் இடத்தில் அது 250 பொருள்களோடு ஒப்பிட்டு, ஏற்கெனவே செய்த சுருக்கத்தையும் தூக்கியெறிந்துவிட்டு மறுபடி கணக்கிடுகிறது. கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2007-இல் அதைக் கண்டித்தார்.

பழவேற்காட்டு மீனவர்கள் பாடு முறையில் ஏரியை முறை வைத்துப் பகிர்கிறார்கள். 2020-இல் கிட் 2.29-உடன் வந்த 'மெயின்டனன்ஸ்' கட்டளையும் அப்படித்தான், பெரிய வேலையைத் துண்டுகளாக்கி முறைபோட்டுச் செய்கிறது. மணிக்கொரு முறை இணையத்திலிருந்து புதியவற்றை இழுக்கும் 'ப்ரீஃபெட்ச்' பணியை மட்டும் அணைத்துவிடுங்கள். அது மொபைல் டேட்டாவைத் தின்னும்.

ஜிசி ஓடும்போது இடையில் மின்சாரம் போனாலும் பயப்பட வேண்டாம். புதிய தொகுப்பு முழுமையாகும்வரை பழையதை கிட் அழிப்பதில்லை. அரைகுறைத் தற்காலிகக் கோப்பு ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான். பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே இருப்பதால், டிஸ்க்கில் களஞ்சியத்தின் அளவுக்கு இன்னொரு மடங்கு இடம் காலியாக இருக்கட்டும். பயிற்சி மையங்கள் விலைப்பட்டியலை நீட்டும் முன் இவற்றை முதல் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும்.