காவிரி நீரும் கருவறை மொழியும்

தெற்கு நோக்கி வந்த காவிரி கிழக்கே திரும்பும் கொடுமுடித் துறையில், பங்குனித் திங்கள்தோறும் கொங்குநாட்டு உழவரும் நெசவாளரும் கூலியாளரும் முழுகி எழுந்து, குடங்களில் நீர் மொண்டு காவடியிற் கட்டித் தோளேற்றுகின்றனர். சுடும் வெயிலில் தாராபுரம் வழியே நடந்து, பழனி மலையேறி, முருகன் திருமுழுக்கிற்கு அந்நீரைச் சேர்க்கின்றனர். எவரும் ஏவாது மக்கள் தாமே காத்துவரும் வழக்கம் இது.

சுமப்பதும் தமிழர், சுமக்கும் கருவியின் பெயரும் தமிழே. தோளிற் சுமக்கும் தண்டிற்குக் 'கா' என்பது பெயர். பாணர் தம் இசைக்கருவிகளைக் காவிற் சுமந்து சென்றதைக் கழக நூல்கள் கூறும். ஆனால், சுமக்கப்படும் நீருக்கு மட்டும் 'தீர்த்தம்' என்று பெயர்! அவ் வடசொல்லின் முதற்பொருள் ஆற்றைக் கடக்கும் துறை என்பதே. துறையும் திருநீரும் நம்மிடம் இருக்க, இரவற்சொல் எதற்கு?

சொல்லொன்று போனால் என்ன என்பார் உளர். சொல்லோடு உரிமையும் போகும் என்பதைக் கருவறை வாயிலிற் காணலாம். நாள்கணக்கிற் சுமந்த குடம் அங்குக் கைம்மாறியதும் மொழியும் மாறிவிடுகின்றது. மூவர் தேவாரமும் பெற்ற கொடுமுடியில் முகந்த நீருக்கு, முருகன் திருமுன் தமிழ் போதாதா?

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் குடமுழுக்கைத் தமிழிலும் வடமொழியிலும் நடத்துமாறு 2020 சனவரியில் உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2021 ஆகத்தில் தமிழ்ப் போற்றி வழிபாட்டுத் திட்டத்தை அரசு தொடங்கியது. இவை வரவேற்கத்தக்கன. எனினும், விரும்பிக் கேட்பார்க்குத் தமிழ், கேளாதார்க்கு வடமொழி என்னும் நிலை நீடிக்கின்றது. சொந்த வீட்டில் உரியவள் கேட்டுப் பெறுவதும், வந்தவள் கேளாமலே பெறுவதும் என்ன முறை?

இன்னொரு கலப்பும் உண்டு. கொடுமுடிக்கு மேலே, ஈரோடு, பள்ளிபாளையப் பகுதிகளின் சாயக்கழிவும் தோற்கழிவும் பல்லாண்டுகளாகக் காவிரியிற் கலந்து வந்துள்ளன. தெய்வத்திற்கென முகக்கும் நீரில் நஞ்சு கலப்பதைப் பொறுத்துக்கொண்டு, குடத்திற்கு மட்டும் பூச்சூட்டுவது வழிபாடாகாது.

காவடி எடுக்கும் தோள்களுக்கு வலிமை உண்டு. அவ்வலிமை இரண்டு கடமைகளை ஏற்கட்டும். ஆற்றிற் கழிவு கலப்போரைத் தடுக்க அரசை நெருக்குக! மலையேறியதும், "எம் குடத்து நீரைத் தமிழ் சொல்லி ஆட்டுக" என ஒருவர் தவறாது கேட்க! ஆயிரம் வாய்கள் ஒன்றாகக் கேட்குமாயின், நாளை கேட்கவே தேவையிராது.