சிரித்தது போதும்

2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மோகோல் அட்டைகளை மிதக்க விட்டார்கள். வெயில் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாதாம். அமைச்சர் செல்லூர் ராஜு முன்னின்று நடத்தி வைத்தார். சற்று நேரத்துக்கெல்லாம் காற்று அத்தனையையும் கரையில் கொண்டு வந்து ஒதுக்கிவிட்டது. நாடே சிரித்தது. அந்த அணைத் தண்ணீரைக் குடிக்கிற மதுரைக்காரர்கள் நாங்களும் சிரித்தோம். இன்றைக்கும் நாலு பேர் கூடி வெயிலைப் பற்றிப் பேசினால் அந்தச் சமாசாரம் வந்துவிடுகிறது.

அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

தண்ணீரை மூடி வைத்தால் ஆவியாவது குறையும் என்பது மெய். 2015இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் ஒரு நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்க விட்டார்கள். காற்று தூக்கிப் போகாமலிருக்க ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தார்கள். நம்மவர்கள் காற்றையும் மறந்தார்கள், அணையின் பரப்பையும் மறந்தார்கள். அவ்வளவுதான் குற்றம். சிரித்த நாம் எதை நினைவில் வைத்திருந்தோம்?

மதுரைச் சீமையில் வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களெல்லாம் வெயிலின் ராஜ்யம். திறந்த வெளியில் நிற்கும் தண்ணீரிலிருந்து ஒரு வருஷத்தில் ஆவியாகப் போவது, வானம் தருவதைவிட அதிகம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தராமலே தெரிந்து வைத்திருந்தவர்கள் இந்த ஊர்ச் சம்சாரிகள். கரை கட்டி, மடை வைத்து, மிஞ்சியது கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போக விட்டார்கள். வயலுக்குப் பாய்ந்தது போக, நின்ற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறியது. பூமிக்கடியில் போய் ஒளிந்துகொண்ட தண்ணீரைச் சித்திரை வெயில் அவ்வளவு சுலபமாகத் தொட முடியுமா? மண்ணைவிட நல்ல மூடி எந்தக் கடையில் விற்கிறது?

அந்த மூடியை என்ன செய்தோம்? தல்லாகுளத்தில் குளம் எங்கே என்று கேட்டால் மாநகராட்சிக் கட்டடத்தைக் காட்ட வேண்டும். 2004இல் திறந்த உயர்நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். நீர்நிலைகளை ஆக்கிரமிக்காதே என்று அங்கிருந்துதான் உத்தரவு வருகிறது! மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே எழுகடல் தெரு. ஏழு கடலும் வந்து சேர்ந்ததாகப் புராணம் சொல்லும் குளத்தின் மேல் இப்போது கடைகள். கடலையே தூர்த்த சூரர்கள் நாம். மூன்று தெர்மோகோல் அட்டைக்குச் சிரிக்கிறோம்.

நான் மட்டும் யோக்கியனா? சேறு படிகிறது என்று வீட்டு முற்றம் முழுவதும் சிமெண்ட் போட்டவன் நான். அடுத்த மழையில் தண்ணீர் வெகு சுத்தமாக வாசலைத் தாண்டிச் சாக்கடைக்குப் போயிற்று. இரண்டு கோடை தாங்கிய கிணறு மூன்றாவது கோடையில் கைவிரித்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோதும் அணையில் ஆவியாவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் பேரனின் புத்தகத்தில் நீர்ச் சுழற்சிப் படம் பார்த்தேன். கடல், மேகம், மலை, ஆறு, மறுபடி கடல். படத்தில் உள்ள ஆறு எந்தச் சீமை ஆறோ! நம் வைகை வழியெல்லாம் கண்மாய்களுக்குக் கொடுத்துக்கொண்டே போய், ராமநாதபுரம் பெரிய கண்மாயில் ஒடுங்குகிற ஆறு. வெள்ள காலத்தில் மிஞ்சினால்தான் கடலுக்கு. 1895இல் பெரியாற்றை அணை கட்டி மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பி விட்டதும், மேற்கே போய்க் கடலில் விழ இருந்த தண்ணீரை இந்த மண்ணுக்குக் கொடுக்கத்தானே? படத்தில் மண்ணுக்குள் இறங்கும் அம்புக்குறி ஒன்றுகூட இல்லை.

பென்சிலை எடுத்து ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கரை போட்டு, கீழே ஒரு கிணறும் வரைந்து கொடுத்தேன். பையன் அதைப் பார்த்து நோட்டில் போட்டுக்கொண்டு போனான். சாயங்காலம் திரும்பி வந்த நோட்டில், கிணற்றின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது.