சீருடை கழற்றிய பிறகு

சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பது வயதுக்கு முன்பின்னாக ஊர் திரும்பிவிடுகிறார். திருவையாற்றுப் பக்கம் அவருக்குக் கிடைப்பது என்ன? பலருக்கும் வங்கி வாசலில் காவலாளி வேலைதான். பட்டாளத்தில் லாரி பழுது பார்த்தவரும் பாலம் கட்டியவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

2024 சுதந்திர தினத்தில் அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில், முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடன் பெறலாம். மூலதன மானியம் 30 சதவீதம், வட்டி மானியம் 3 சதவீதம். தலித் வீரர்கள் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் இவை 35, 6 சதவீதம். மனுவை மாவட்டத் தொழில் மையத்தில் கொடுக்கலாம்.

மானியம் அரசு தரும். கடனை வங்கிதான் தர வேண்டும். சிக்கலே அங்கேதான். காவிரிக் கரையில் கோயில் நிலம், மடத்து நிலம், மிராசுதாரர் நிலம் போக நம் குடியிருப்புகளுக்கு மிஞ்சியது சொற்பம். அறுவடை இயந்திரம் வாங்கி வாடகைக்கு விட நினைப்பவரிடம் சொத்துப் பத்திரம் கேட்டால், பட்டா இல்லாத மனைக்கட்டையா காட்டுவார்? அவருடைய ஓய்வூதியம் மாதம் தவறாமல் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. அதையே உத்தரவாதமாகக் கொள்ளும்படி வங்கிகளிடம் மாவட்ட நிர்வாகம் கண்டிப்பாகப் பேச வேண்டும்.

அக்னிவீரர் நிலை இன்னும் மோசம். 2022இல் வந்த அந்தத் திட்டத்தில் 4 ஆண்டு முடித்து வெளியேறுவோருக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இருபதுகளிலேயே ஊர் திரும்பும் தலித் பிள்ளைகள் அம்பேத்கர் திட்டத்துக்கு மனுச் செய்யலாம். அதற்குப் பட்டாளச் சான்று தேவையில்லை.