வாயிலில்லாக் கடவைகளும் வாயில்லா மக்களும்

ஊர்வழி முந்தியதா, இருப்புப்பாதை முந்தியதா? திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குத் தொடர்வண்டி வந்தது 1875ஆம் ஆண்டில். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு அது நீண்டது 1876இல். வையைக் கரையில் மாட்டுவண்டிகள் தடம் பதித்த காலத்தை எண்ணிச் சொல்வார் யார்? ஊரிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து கண்மாய்க்கும், கண்மாய்க் கரையிலிருந்து சந்தைக்குமாக நம் முன்னோர் நடந்து நடந்து இட்ட வழிகளின் மேலேதான் வெள்ளையன் தண்டவாளத்தைக் கிடத்தினான். ஆகலின், குறுக்கே வந்தது தொடர்வண்டியே, நாமல்லோம். ஆயினும் கடவையில் ஓர் உழவன் அடிபட்டு மாய்ந்தால், "குறுக்கே சென்றான், இறந்தான்" என்று அவன் தலையிலேயே பழியை ஏற்றிவிட்டு உலகம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றது.

சட்டமும் அவ்வாறே பேசுகின்றது. ஆளில்லாக் கடவையை அணுகும் உந்து ஊர்தியை ஓட்டுநர் நிறுத்த வேண்டும். உடன் வரும் நடத்துநரோ பணியாளரோ இறங்கிச் சென்று இருபுறமும் நோக்க வேண்டும். அத்தகையோர் இல்லையாயின் ஓட்டுநரே இறங்கி நோக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு உந்து ஊர்திச் சட்டத்தின் 131ஆம் பிரிவு. ஆளில்லாக் கடவையை விழிப்பின்றிக் கடந்தவனுக்கு ஓராண்டு வரை சிறை என்பது 1989ஆம் ஆண்டு இருப்புப்பாதைச் சட்டத்தின் 161ஆம் பிரிவு. விதி நல்ல விதியே. அதனை யாம் பழிக்கவில்லை. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். தனியனாய் வந்த ஓட்டுநன் இறங்கி, நடந்து, நோக்கி, திரும்பி வந்து, ஏறியமர்ந்து, ஊர்தியைக் கிளப்ப முப்பது நொடியேனும் ஆகும். அதற்குள் தொடர்வண்டி 800 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அவன் கண்ட காட்சி பழங்காட்சியாகிவிட்டது! பாதை வளைந்திருந்தால், அல்லது நம் பக்கத்துச் சீமைக்கருவேலம் தண்டவாளத்தின் ஓரம் வரை மண்டிக் கிடந்தால், அவன் கண்டதுதான் யாது? அவ்விரைவில் வரும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்தவும் இயலாது. தடையை அழுத்திய பின்னும் அது நெடுந்தொலைவு ஓடியே நிற்கும். ஆக, கண்ணை மட்டும் நம்பி விடப்பட்ட கடவை, காவலற்ற கடவையே.

இதனைத் தொடர்வண்டித்துறை அறியாததன்று. அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்புக் குழு, ஆளுள்ளவையும் ஆளில்லாதவையுமான எல்லாக் கடவைகளையும் ஐந்தாண்டுகளில் நீக்கிவிட வேண்டும் என்று 2012இல் பரிந்துரைத்தது. அதற்கு உருபா 50,000 கோடி ஆகும் என்றும் கணக்கிட்டது. ஐந்தாண்டும் கழிந்தது. 2018 ஏப்பிரல் 26ஆம் நாள், உத்தரப்பிரதேசத்துக் குசிநகர் மாவட்டத்தில் ஆளில்லாக் கடவை ஒன்றில் பள்ளி ஊர்தியின் மேல் வண்டி மோதிப் பதின்மூன்று குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னரே பணி விரைந்தது. 2019 சனவரி இறுதியில், அகலப்பாதையில் இனி ஆளில்லாக் கடவையே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. கண் கெட்ட பின் ஞாயிறு வணக்கம்! எனினும் செய்த நன்மையை நன்மை என்றே சொல்வோம். ஆயின் அத்துடன் கேடு ஒழிந்ததா?

ஒழியவில்லை. 2025 சூலை 8ஆம் நாள் காலை, கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில், பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளின் ஊர்தியை விழுப்புரம் – மயிலாடுதுறை வண்டி மோதியது. மூன்று மாணவர் உயிரிழந்தனர். அஃது ஆளில்லாக் கடவையன்று. ஆள் இருந்தார், வாயிலும் இருந்தது. இல்லாதது ஒன்றே: வாயிலையும் கைகாட்டியையும் பிணைக்கும் இணைப்புப் பூட்டு. அப்பூட்டு இருக்குமிடத்தில் வாயில் மூடப்பட்டாலன்றி வண்டிக்குப் பச்சை விளக்கு எரியாது. அஃது இல்லாவிடத்தில், நிலைய அலுவலரும் கடவைக் காவலரும் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளும் சொல்லே பூட்டு. ஒரு மாந்தனின் சோர்வுக்கும் மூன்று இளந்தளிர்களின் உயிருக்கும் இடையே ஒரு தொலைபேசிச் சொல்லைத் தவிர வேறு காப்பு இல்லை என்றால், ஆளில்லாக் கடவைக்கும் அதற்கும் வேறுபாடு என்ன?

அக்காவலர் வடநாட்டவர், தமிழ் அறியாதவர் என்னும் பேச்சு அப்போது எழுந்தது. இதில் நாம் தெளிவாயிருத்தல் வேண்டும். வடநாட்டவர் என்பதனாலேயே ஒருவர் குற்றவாளி ஆகார். பூட்டில்லா வாயிலில் தமிழரே நின்றாலும், கண்ணயர்ந்தால் விளைவு அதுவே. ஆயினும் கடவைக் காவலர் பணி, பொறியை மட்டும் இயக்கும் பணியன்று. ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருத்தி, "தண்டவாளத்தில் உழுவை சிக்கிக்கொண்டது, வண்டியை நிறுத்துங்கள்" என்று கதறி ஓடிவருவாளேல், அவள் சொல்லை அந்நொடியே விளங்கிக்கொள்ளும் செவி அங்கே வேண்டும். அங்கே தமிழ் கேட்பது மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்ப்பற்று. கடவையிலும் சுரங்கப்பாதையிலும் வைக்கும் எச்சரிக்கைப் பலகைகளுக்கும் இதுவே முறை. படிக்க வேண்டியவனுக்கு விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

இனிச் சுரங்கப்பாதைக்கு வருவோம். கடவையை மூடித் தண்டவாளத்தின் அடியில் வழி குடைந்துவிட்டால் மோதல் இல்லை, உண்மை. ஆனால் நம் மதுரைச் சமவெளி கண்மாய்களால் ஆன நிலம். தரைமட்டத்திற்குக் கீழே பள்ளம் பறித்தால் மழைநீர் அங்கே வந்து தங்காமல் எங்கே போகும்? மதுரை நகரில் பெருமழை பெய்தால் கர்டர் பாலத்தடியின் நிலையை நகரத்தார் அறிவர். 2021 செபுதம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், தொடர்வண்டிச் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைவெள்ளத்தில் மகிழுந்து சிக்கிப் பெண் மருத்துவர் ஒருவர் மூழ்கி இறந்தார். இரும்பால் வந்த சாவு நீரால் வந்தது, அவ்வளவே வேறுபாடு. நீர் இறைப்பது யார் பொறுப்பு என்று கேட்டால் தொடர்வண்டித்துறை மாநிலத்தைக் காட்டும். மாநிலம் ஊராட்சியைக் காட்டும். ஊராட்சி வானத்தைக் காட்டும். செம்மங்குப்பத்திலும் சுரங்கப்பாதைக்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்று தொடர்வண்டித்துறை கூறிற்று. எவர் கூற்று மெய்யாயினும் ஆகுக. இரண்டு அலுவலகங்களின் இடைவெளியில் விழுவது நம் பிள்ளைகளின் உடல்கள் அன்றோ?

இவ்விடத்தில் மற்றொரு சட்டக்கூற்றையும் அறிதல் வேண்டும். இருப்புப்பாதையால் அறுபடும் நிலங்களுக்குக் கடவையும் பாலமும் அமைத்துத் தருவது தொடர்வண்டித்துறையின் கடன் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகின்றது. ஆனால் பாதை திறந்து பத்தாண்டு கடந்த பின், கூடுதல் அமைப்புகளுக்கான செலவை ஏற்குமாறு அத்துறையைக் கட்டாயப்படுத்த இயலாது என்றும் அதுவே கூறுகின்றது. 1876இல் திறந்த பாதைக்கு அப்பத்தாண்டு நம் பாட்டன்மார் பிறக்குமுன்பே கழிந்துபோயிற்று! அன்று பத்து வண்டி கடந்த வழியில் இன்று பேருந்தும் சரக்குந்தும் பள்ளி ஊர்தியும் கடக்கின்றன. ஊர் வளர்ந்தது, கடன் மட்டும் வளரவில்லை.

போடி வழியை எண்ணிப் பாருங்கள். 1928இல் திறந்த அப்பாதையில், அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் வண்டி நின்றது. தேனி வரை மீண்டும் ஓடியது 2022 மே மாதத்தில்; போடி வரை 2023 சூனில். பதினோராண்டு! வடபழஞ்சியிலும் உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் வண்டி ஓசையே கேளாமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தனர். இன்று அவர்கள் முன் வருவது பழைய குறும்பாதை வண்டியன்று. அதனினும் விரைவாய்ச் செல்லும் வண்டி. அவர்தம் கால்களுக்கும் செவிகளுக்கும் புதிதாய்ப் பயிற்சி தருவது பெற்றோர் கடன். எம்மனைய ஆசிரியர் கடன். நில், கேள், இருபுறமும் நோக்கு, பின் கட. மூடிய வாயிலின் அடியில் நுழையாதே. செவியில் பாட்டுக்கருவியைச் செருகிக்கொண்டு தண்டவாளத்தை அணுகாதே. இவற்றை ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுதோறும் சொல்லித் தருக. நம் கடனை நாம் செய்தால்தான் பிறர் கடனைக் கேட்கும் வாய் நமக்கு வரும்.

நாம் கேட்க வேண்டியவை நான்கே. எல்லா வாயில்களுக்கும் இணைப்புப் பூட்டு. தானே நீர் வடியாத பள்ளத்தில் சுரங்கப்பாதை கூடாது. இருப்பவற்றில் நீர் ஆழம் காட்டும் அளவுகோலும், வெள்ளத்தில் வழியடைக்கும் தடையும் வேண்டும். ஒரு கடவையை மூடுமுன், மாற்றுவழியைப் பேணுபவர் யார் என்பதை எழுத்தில் தருதல் வேண்டும். கடவையில் தமிழறிந்த காவலரும் தமிழ்ப் பலகையும் வேண்டும்.

இவற்றைக் கேட்கும் இடம் தொலைவில் இல்லை. கிராம சபை எனப்படும் ஊரவை ஆண்டில் பன்முறை கூடுகின்றது. அங்கே எழுந்து நின்று, எங்கள் ஊர்க் கடவைக்குப் பூட்டு உண்டா, எங்கள் சுரங்கப்பாதையின் நீரை இறைப்பவர் யார் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாக்கி, மதுரைக் கோட்ட மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரே நாளில் விடுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இடம் இராது. வாயிலில்லாக் கடவைகள் போயின என்கின்றனர். வாயில்லா மக்களாய் நாம் இருக்கும்வரை அவை வேறு வேறு உருவில் வந்துகொண்டேதான் இருக்கும்.