பெயரை வாடகைக்கு விடாதீர், தோழர்களே!



உங்கள் பதிவுச் சான்றிதழ் இந்த நிமிடம் எந்தக் கடையின் சுவரில் தொங்குகிறது? அந்தக் கடையில் இப்போது மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பது யார்?

சேதராப்பட்டிலும் பத்துக்கண்ணிலும் ஊசுட்டேரியைச் சுற்றியுள்ள ஊர்களிலும், எல்லை தாண்டி வானூர் வட்டத்திலும் டி.பார்ம்., பி.பார்ம். படித்துப் பதிவு பெற்ற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்கிறோம். பதில் சொல்ல நா எழவில்லை என்றால் இந்த அறைகூவல் முதலில் உங்களுக்குத்தான். காலை முதல் இரவு வரை கடையில் நின்று கால் வீங்கிப்போன தோழருக்கும் இது உரியது. அவருடைய சம்பளத்தை உயரவிடாமல் பிடித்து வைத்திருப்பது, ஆள் இல்லாமல் சுவரில் தொங்கும் அந்தச் சான்றிதழ்தான்.

நடப்பது நமக்கெல்லாம் தெரியும். படிப்பை முடித்து, கல்விக்கடனைச் சுமந்துகொண்டு வேலை தேடும் தம்பியிடம் ஒருவர் வந்து பேசுகிறார். "நீங்க கடைக்கு வரவே வேணாம் சார். சர்டிபிகேட்டக் குடுங்க. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் வந்து தலையக் காட்டுனாப் போதும். மாசாமாசம் அக்கவுன்ட்ல பணம் விழுந்துரும்." கேட்கக் கேட்க இனிக்கும் பேச்சு. அந்தத் தம்பி மாலையில் வேறு வேலைக்குப் போகலாம், மேலே படிக்கலாம், வெளிநாடு போக முயலலாம். கடன் தவணை கட்டினால் போதும் என்று தவிக்கும் வீட்டில் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. அந்தத் தவிப்பை நாங்கள் பழிக்கவில்லை. அதை விலைக்கு வாங்குகிறவர்களை எதிர்க்கிறோம். அவர்களுக்கு இனி விற்காதீர்கள் என்று உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். சில்லறை மருந்துக்கடை உரிமம் என்பது படிவம் 20, படிவம் 21. பத்துச் சதுர மீட்டர் இடமும் குளிர்பதனப் பெட்டியும் பணம் இருந்தால் யாருக்கும் கிடைத்துவிடும். மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் கடைக்குப் பணத்தால் மட்டும் கிடைக்காத ஒன்று, பதிவு பெற்ற மருந்தாளுநரின் பெயர். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆம் விதி, சீட்டுக்கு மருந்து கொடுப்பது மருந்தாளுநர் கையாலோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோ மட்டுமே நடக்க வேண்டும் என்கிறது. 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பதிவு பெறாதவர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலக்கவோ கொடுக்கவோ கூடாது என்று தடுக்கிறது. கடையின் கதவைத் திறக்கும் சாவி நம் கையில் இருக்கிறது. அந்தச் சாவியை ஒருவர் அற்ப வாடகைக்குக் கொடுத்துவிட்டால், கடைக்கு வந்து முழுநாள் வேலை செய்வேன் என்று நிற்கும் இன்னொருவருக்கு முதலாளி ஏன் நியாயமான சம்பளம் தரப்போகிறார்? "வராத ஆளே இவ்வளவுக்குக் கிடைக்கிறாரே" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு சான்றிதழும் நம் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தவரின் தட்டிலிருந்து எடுத்த சோறு.

ஆபத்து வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 42ஆம் பிரிவை மீறினால் அபராதம் முன்பு 1,000 ரூபாய்க்கு மேல் இல்லை. கடைக்காரர்கள் அதை ஒரு செலவாகக்கூட நினைத்ததில்லை. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்குப் பிறகு 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள் இன்னும் நேராக நம்மைப் பார்த்துப் பேசுகின்றன. வேலை செய்யும் எண்ணமில்லாமல் கடை உரிமையாளரிடம் சான்றிதழைக் கொடுப்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட கடைக்குக் கொடுப்பதும் தொழில் ஒழுக்கக் கேடு. பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். 2022 நவம்பரில் பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமலும் போலிகளை வைத்தும் மருந்தகம் நடத்துவது மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்றும், அதைத் தடுப்பது மாநில அரசுக்கும் மருந்தியல் கவுன்சிலுக்கும் கடமை என்றும் சொல்லிவிட்டது. நாளை ஒரு மருந்து தவறாகக் கொடுக்கப்பட்டு ஓர் உயிர் போனால், காவல் நிலையம் தேடிவரும் பெயர் சுவரில் தொங்கும் பெயர். கவுன்டரில் நின்ற பையனின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அபராதத்துக்குப் பயந்து கடைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்வதற்கு இதை எழுதவில்லை. சேதராப்பட்டில் நம் தேவை என்ன என்று பாருங்கள்.

இது தொழிற்பேட்டை ஊர். ஷிப்ட் முடிந்து மயிலம் சாலையில் இறங்கும் கூட்டத்தில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழ் பாதி, சைகை பாதி. மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே நேரே மெடிக்கலுக்கு வருகிறார்கள். "இடுப்பு வலிக்குது, ஒரு வேளைக்கு மாத்திரை குடுங்க." கடைப் பையன் கத்தரிக்கோலை எடுக்கிறான். ஒரு வலி மாத்திரை, ஒரு ஸ்டீராய்டு, ஒரு வயிற்றெரிச்சல் மாத்திரை, மூன்றையும் வெட்டி ஒரு சின்னக் கவரில் போட்டு நீட்டுகிறான். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதி நாள் இல்லை. வலி பறந்துவிடும், நாளைக்கும் வருவார். மாதக்கணக்கில் இப்படி டைக்ளோஃபெனாக் விழுங்கும் உடம்பில் சிறுநீரகம் என்ன ஆகும் என்று நாம் படித்தோம். சர்க்கரை நோய் இருக்கிறது என்று தெரியாத ஒருவருக்கு டெக்ஸாமெத்தசோன் என்ன செய்யும் என்று நாம் படித்தோம். பையன் படிக்கவில்லை. அவன் மேல் குற்றமில்லை. நாம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவனை நிறுத்தியிருக்கிறார்கள்.

இரவு ஷிப்ட்டுக்குப் போகிறவர் தூக்க மாத்திரை கேட்கிறார். பதினெட்டு வயது நிரம்பாத ஒருவன் வலி மாத்திரைப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து, கண்ணைப் பார்க்காமல் நிற்கிறான். அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால் எல்லாம் எச்1 அட்டவணை. 2014 மார்ச் முதல், சீட்டு எழுதிய மருத்துவர் பெயரும் முகவரியும், நோயாளி பெயர், மருந்து, அளவு அனைத்தையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். காசநோய் மருந்துகளும், கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் நுண்ணுயிர்க் கொல்லிகளும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டை மாதக் கடைசியில் உட்கார்ந்து கற்பனைப் பெயர்களால் நிரப்பும் கடைகளை நாம் அறிவோம். மருந்தாளுநர் நிற்கும் கடையில் பதிவேடு உண்மை பேசும். துண்டுச் சீட்டோடு நிற்கும் அந்தச் சிறுவனின் கண்ணைப் பார்த்து, "தம்பி, உக்காரு, என்ன ஆச்சு?" என்று கேட்க அங்கே ஒருவர் இருப்பார்.

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீர் பிரியாமல் அடுத்தடுத்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள். அந்த 'கோல்ட்ரிஃப்' புட்டி தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அந்த நஞ்சைக் கவுன்டரில் நின்று கண்ணால் கண்டுபிடிக்க எந்த மருந்தாளுநராலும் முடியாது. அந்தப் பழி தயாரித்தவர் மேலும் சோதிக்காமல் விட்டவர் மேலும் விழ வேண்டும். ஆனால் இதைக் கவனியுங்கள். குளோர்பெனிரமின், ஃபீனைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டிருந்தார். அந்தப் புட்டியிலும் அந்தக் கலவைதான் இருந்தது. "குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கவுன்டரிலும் இருந்திருந்தால் எத்தனை புட்டிகள் வீட்டுக்குப் போயிருக்காது! அந்த மருந்தின் எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச்சை நிறுத்து என்று உத்தரவு வந்ததும், அது எந்த வீட்டுக்குப் போயிற்று என்று பில்லைப் புரட்டிச் சொல்லவும் ஆள் வேண்டும். பில்லே போடாமல் விற்கும் கடையில் யாரைத் தேடுவது?

அந்த ஆண்டு முடிவதற்குள் நம் புதுச்சேரியின் பெயரே நாறியது. பெரிய கம்பெனிகளின் பெயரைப் போட்டுப் போலி மாத்திரைகள் இங்கேயே தயாரிக்கப்பட்டன என்று வழக்குப் பதிவாகி, சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. வழக்கு தன் வழியில் போகட்டும், குற்றவாளி யார் என்று நீதிமன்றம் சொல்லட்டும். நம் வேலை வேறு. வழக்கத்துக்கு மாறாகத் தள்ளுபடி கொடுத்து ஒருவர் சரக்கை இறக்கினால், கொள்முதல் பில்லில் உள்ள பேட்ச்சும் அட்டையில் உள்ள பேட்ச்சும் ஒன்றா என்று பார்ப்பது நம் வேலை. அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் தயாரானவற்றில் கியூ.ஆர். குறியீடு கட்டாயம். அதைக் கைப்பேசியில் காட்டிப் பார்ப்பதும் நம் வேலை. போலி மருந்து நோயாளியின் வாய்க்குப் போவதற்கு முன் கடைசியாக நிற்கும் காவல் நாம்தான். காவலுக்கு இருப்பவர் வீட்டில் படுத்துக்கொண்டு பெயரை மட்டும் வாசலில் எழுதி வைத்தால் யார் தடுப்பது?

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். நம் தெருக்களில் பாரிசிலும் மார்செய்யிலும் உறவினர் உள்ள வீடுகள் எத்தனை! அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிரான்சில் மருந்தாளுநர் அல்லாத ஒருவர் மருந்துக்கடைக்குச் சொந்தக்காரராக முடியாது. 1803ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊன்றிய மரபு அது. மருந்துக்கடையை மருந்தாளுநர் மட்டுமே வைத்திருக்கலாம் என்று ஒரு நாடு சட்டம் போட்டால் அது செல்லும் என்று 2009இல் ஐரோப்பிய நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நம் சட்டம் உரிமத்தைப் பணம் வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, படித்தவரை அவரிடம் வேலைக்குப் போகச் சொல்கிறது. சான்றிதழ் வாடகை என்னும் நோய் பிறந்தது இந்த இடைவெளியில்தான். உடைமை விதியை மாற்றக் கோருவது நெடிய போராட்டம். அதைத் தொடங்குவதற்கு முன் நம் சொந்த வீட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும். பெயரை விற்றவர்களின் கோரிக்கையை எந்த அரசு காதில் போட்டுக்கொள்ளும்?

எல்லையோரத் தோழர்களுக்கு ஒரு சொல். பதிவு பெற்ற மருந்தாளுநர் என்றால், வசிக்கும் மாநிலத்தின் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்கிறது சட்டத்தின் 2ஆம் பிரிவு. வானூர்ப் பக்கம் வீடும் சேதராப்பட்டில் வேலையுமாக இருப்பவர்கள், எந்தப் பதிவேட்டில் தங்கள் பெயர் உயிரோடு இருக்கிறது, புதுப்பித்தல் எப்போது முடிகிறது என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் ஒரு கடை என்று இரண்டு இடத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால், அந்த வலையில் விழாதீர்கள்.

கவுன்டரில் நிற்கும் தம்பிகளையும் தங்கைகளையும் விரோதிகளாகப் பார்க்கும் பேச்சு நமக்குள் சிலரிடம் இருக்கிறது. அது தவறு. ஸ்டாக் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் இல்லாமல் ஒரு கடையும் ஓடாது. நம் மேற்பார்வையில் வேலை செய்ய அவர்களுக்கு முழு உரிமை உண்டு. தகுதியுள்ளவர்கள் டி.பார்ம். சேர நாம் வழி காட்டுவோம், புத்தகம் கொடுப்போம்.

இனிச் செய்ய வேண்டியது. வாடகைக்கு விட்டவர்கள் இந்த மாதத்துக்குள் சான்றிதழைத் திரும்பப் பெறுங்கள். அல்லது அதே கடையில் முழுநேர வேலை கேட்டு, வேலை நேரமும் சம்பளமும் எழுதிய நியமனக் கடிதம் வாங்குங்கள். தகுதியுள்ள பணியாளர் மாறினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. முதலாளி தெரிவிப்பார் என்று காத்திருக்காமல் நீங்களே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். முதலாளி சான்றிதழைத் தர மறுத்தாலோ மிரட்டினாலோ தனியாகப் போகாதீர்கள், நாங்கள் கூட வருகிறோம். வேலையில் இருப்பவர்கள் நாளை காலையிலிருந்து வெள்ளைக் கோட்டு அணியுங்கள், பெயர்ப் பட்டையில் பதிவு எண் தெரியட்டும். மருந்தை எப்படிச் சாப்பிடுவது, எத்தனை நாள், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொருவரிடமும் வாய் திறந்து பேசுங்கள். அது 2015 ஒழுங்குமுறை நமக்குத் தந்த கடமை, மக்கள் நம்மைத் தெரிந்துகொள்ளும் வழியும் அதுதான்.

இன்ன தொகைக்குக் குறைந்து இந்த வட்டாரத்தில் எந்த மருந்தாளுநரும் வேலைக்குப் போவதில்லை என்று நாம் சேர்ந்து ஒரு முடிவெடுத்தாக வேண்டும். ஒருவர் சொன்னால் வேலை போகும். எல்லோரும் சொன்னால் சம்பளம் ஏறும்.

வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குச் சேதராப்பட்டில் கூடுவோம். இடத்தைக் கடை கடையாக நேரில் வந்து சொல்கிறோம். வரும்போது உங்கள் கடையின் எச்1 பதிவேட்டில் உள்ள சந்தேகங்களையும், சம்பள விவரத்தையும் எடுத்து வாருங்கள்; படிக்க ஆசைப்படும் கடைத் தம்பி தங்கைகளையும் அழைத்து வாருங்கள்.