கயிற்றை இழுத்து இளைத்தவர்களுக்கு!

உங்கள் வீட்டுப் பின்கட்டிலே, கிழிந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு புல் வெட்டும் மிஷின் தூங்குகிறதா? அப்படியானால் இந்த வாரப் பேச்சு உங்களுக்குத்தான்.

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டது என்று ஊரில் பேச்சுக் கிளம்பும்போதுதான் நமக்கு வரப்பின் ஞாபகமே வரும். போய்ப் பார்த்தால் அருகும் கோரையும் முழங்கால் உயரம் நிற்கும். வரப்பில் புல் மண்டினால் எலிக்குக் கொண்டாட்டம். வளை தோண்டிக் குடித்தனம் வைத்துவிடும். கட்டிய தண்ணீர் வளை வழியே அடுத்த வயலுக்குப் போகும். கதிர் வந்தால் எலி தன் பங்கை நமக்கு முன்பே அறுத்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் மாட்டுக்குப் புல் வேண்டுமென்று அரிவாளோடு வந்து அறுத்துப் போவார்கள். இப்போது மாடும் குறைந்தது, அறுக்கிற கையும் குறைந்தது. ஆகவே, தோளில் மாட்டுகிற பெட்ரோல் மிஷினை, இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கி வருகிறோம். முதல் வருஷம் அது சிங்கம்போல் கர்ஜிக்கும். மறு வருஷம் கயிற்றை இழுத்து இழுத்து நாம்தான் மூச்சு வாங்குவோம்!

போன ஆனியில் எனக்கும் இதே கதிதான். பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மிஷினைத் திறக்காமலே, “கார்புரேட்டர் போச்சுங்க. அதை மாத்துற காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்” என்றார்கள். அந்தப் பணத்துக்கு விதைநெல் வாங்கலாமே என்ற வயிற்றெரிச்சலோடு வீடு திரும்பி, திண்ணையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தேன்.

அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு, நெருப்பு, காற்று. மிஷினுக்கும் அதே மூன்றுதான்: பெட்ரோல், பொறி, காற்று. எது வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

கயிற்றை நாலு தடவை இழுத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. துடைத்து உலர வைத்தால் போதும். கரி அப்பியிருந்தால் எண்ணெய் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. அந்த ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். மிஷின் கிளம்பியும் இழுவை இல்லையென்றால் சைலன்ஸர் வாயில் இருக்கும் சின்ன வலையில் கரி அடைத்திருக்கலாம்.

என் பிளக் வறட்சியாக இருந்தது. ரப்பர் குமிழை அமுக்கினாலும் பெட்ரோல் ஏறவில்லை. டாங்கிக்குள் தொங்கும் குழாயின் நுனியில் சுண்டுவிரல் நுனியளவு வடிகட்டி ஒன்று உண்டு. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைக் கொக்கிபோல் வளைத்து அதை வெளியே எடுத்தேன். பாசி பிடித்ததுபோல் வழவழவென்று ஒரே அடைப்பு!

குற்றவாளி யார்? நானேதான். தையில் வேலை முடிந்ததும் மிச்சப் பெட்ரோலோடு அப்படியே சாத்தி வைத்துவிட்டேன். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் குழாயையும், கார்புரேட்டருக்குள் காகிதம்போல் இருக்கும் சவ்வையும் நாளடைவில் கெடுக்கும். அந்தச் சவ்வு விறைத்துப்போனாலும் அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். கழற்றும்போது ஒவ்வோர் அடுக்கையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால், பூட்டும்போது முழிக்க வேண்டாம்.

எனவே, சாத்தி வைக்குமுன் டாங்கியைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். டூ-ஸ்ட்ரோக் மிஷினானால் பெட்ரோலில் ஆயில் கலக்க மறக்காதீர்கள். 1-க்கு 50 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 1-க்கு 25 என்றால் 40 மில்லி. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எந்தத் திண்ணை வைத்தியமும் பலிக்காது.

இந்த மிஷினில் சுழலும் நைலான் நரம்பின் கதை தெரியுமா? அதுவே ஒரு வீட்டுப் பட்டறை வேலைதான். 1971-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பாலாஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழன்ற தூரிகைகளைப் பார்த்து, காலியான பாப்கார்ன் டப்பாவில் ஓட்டை போட்டு, நரம்பைக் கோத்துச் சுழல விட்டுப் பார்த்தாராம்!

ஆனால் அதைப் பார்த்து நீங்களும் நைலானுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியையோ பிரேக் கம்பியையோ கட்டிவிடாதீர்கள். அறுந்தால் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். விரிசல் விட்ட பிளேடுக்குப் பற்றவைப்பு வேண்டாம், தூக்கிப் போடுங்கள். பிளேடில் கை வைக்குமுன் பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள். ஓட்டும்போது கண்ணாடி அவசியம். குழந்தைகள் 15 மீட்டருக்கு அப்பால் நிற்கட்டும். காசு மிச்சம் பிடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு அல்லவா? கண் போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

என் மிஷின் இப்போது இரண்டே இழுப்பில் கிளம்பிவிடுகிறது. வரப்பும் சுத்தம், விதைநெல் பணமும் மிச்சம். ஒரே ஒரு கஷ்டம்தான். மறுநாள் காலை காப்பியோடு வந்த வீட்டு எஜமானி, ஆறு மாதமாக ஓடாத மிக்ஸியையும் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்!